வேலை தேடும் மாற்றுத்திறனாளி எதைக் கேட்கலாம்?

கணக்காளர் தேவை என்று ஒரு விளம்பரம். பி.காம். படித்திருக்க வேண்டும், டேலி தெரிந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். கடைசி வரியில், 'சொந்தமாக இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் அவசியம்'. நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து ரசீதுகளைப் பதிவு செய்யப்போகிறவருக்கு வண்டி எதற்கு? பெரும்பாலும் யாரும் யோசித்துச் சேர்த்த வரியாக இருக்காது. விற்பனைப் பிரிவுக்குப் போட்ட பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஆனால், பார்வை குறைவால் ஓட்டுநர் உரிமம் பெற முடியாத, டேலியில் கைதேர்ந்த ஒரு பெண் அந்த வரியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார். அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே எழவில்லை.

வேலை விஷயத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு நேரும் பாகுபாட்டில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. 'உங்களைப் போன்றவர்களை எடுப்பதில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அது தவறு என்பதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படுவது மற்ற வகைகளுக்குத்தான்: எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்து, அந்த விதியாலேயே சிலரை வெளியே நிறுத்துவது; சிறிய மாற்றம் ஒன்றைச் செய்திருந்தால் ஒருவர் தேர்வில் கலந்துகொண்டிருக்க முடியும் என்ற நிலையில் அதைச் செய்ய மறுப்பது. இரண்டாவதாகச் சொன்ன இந்த மறுப்பையும் இந்தியச் சட்டம் பாகுபாடு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

ஒரே அளவு எப்போது சமம் ஆகாது

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் அதே மூன்று மணி நேரம், அதே வினாத்தாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது பார்வையற்ற ஒருவர், தேர்வு எழுதிக் கொடுப்பவர் ஒருவரின் துணையோடு அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வியை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். நான்கு விடைகளையும் படிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை ஓட்டி மூன்றாவது விடையை மறுபடி பார்ப்பதுபோல அவரால் பார்க்க முடியாது. 'அதைத் திரும்பப் படியுங்கள்' என்று கேட்டாக வேண்டும். அட்டவணை இருக்கும் கேள்வி என்றால் பாடு இன்னும் அதிகம்: 'இரண்டாவது வரிசையில் மூன்றாவது கட்டத்தில் என்ன எண்?' என்று போய்வந்து போய்வந்து கேட்க வேண்டியிருக்கும். கடிகாரம் ஓடுவது இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் பதிலை யோசிப்பதற்குக் கிடைத்த நேரமும் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்த நேரமும் ஒன்றல்ல.

இதனால்தான் மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளில், இத்தகைய தேர்வர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடு நேரம் தர வேண்டும் என்று வைத்தார்கள். மூன்று மணி நேரத் தேர்வு அவருக்கு நான்கு மணி நேரம் ஆகும். இதைச் சலுகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேள்வியைக் காதால் கேட்பதில் போகும் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவே. வினாத்தாள் எளிதாக்கப்படவில்லை, விடைத்தாள் தாராளமாகத் திருத்தப்படவும் இல்லை.

இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பொதுவான பெயர் நியாயமான மாற்று ஏற்பாடு. ஒருவர் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து தருவது. அதைச் செய்பவர் மீது அளவுக்கு மீறிய சுமை விழக்கூடாது. சட்ட வரையறையின் சாரம் இதுதான். இதோடு இடஒதுக்கீட்டைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். இடஒதுக்கீடு என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை ஒதுக்கிவைப்பது. மாற்று ஏற்பாடு அப்படி எந்த இடத்தையும் ஒதுக்குவதில்லை. பொதுப் பிரிவில் போட்டியிடும் ஒருவருக்கும் அது பொருந்தும்.

பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிரிட்டனில் நடந்தது. அந்நாட்டு அரசின் சட்டத் துறை, இளம் வழக்கறிஞர்களைப் பயிற்சிக்கு எடுப்பதற்கு 2015இல் இணையவழித் தேர்வு ஒன்றை வைத்தது. 'அலுவலகத்தில் இப்படி ஒரு சூழ்நிலை வருகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகைத் தேர்வு. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை உள்ள பெண். கற்பனைச் சூழ்நிலைகளை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று நெருக்கமான விடைகளில் ஒன்றைப் பொறுக்குவது அவருக்கு இயல்பாகவே கடினம். 'விடையைச் சிறு பத்தியாக எழுதித் தருகிறேனே' என்று முன்கூட்டியே கேட்டார். வேறு வடிவத்தில் தேர்வு இல்லை என்று பதில் வந்தது. தேர்வை அப்படியே எழுதினார். தேர்ச்சிக்கு 14 மதிப்பெண் வேண்டும். அவருக்குக் கிடைத்தது 12.

வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2017இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதையே உறுதிசெய்தது. நல்ல முடிவெடுக்கும் திறன் அந்த வேலைக்குத் தேவை; அதைச் சோதிப்பதில் தவறே இல்லை என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் திறனைச் சோதிக்க விடையைக் குறியிடும் வடிவம் ஒன்றுதான் வழியா? எழுத்தில் பதில் வாங்கியும் சோதித்திருக்கலாமே. இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த இழப்பீடு 860 பவுண்டு. பெரிய தொகை அல்ல. அதோடு, அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்குமாறும், ஆள் எடுக்கும் முறையை மறுபரிசீலனை செய்யுமாறும் துறைக்குப் பரிந்துரைத்தார்கள்.

எந்த நேர்காணலுக்கும் எந்தத் தேர்வுக்கும் இந்த வழக்கு கேட்ட கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம். இவர்கள் சோதிப்பது வேலைக்குத் தேவையான திறனையா, அல்லது சோதிக்கும் முறைக்கு மட்டும் தேவையான திறனையா? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பு மையால் நிரப்ப வேண்டும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் ஒருவருக்கு 200 வட்டங்களைக் கோடு தாண்டாமல் நிரப்புவது கேள்விக்குப் பதில் சொல்வதைவிடப் பெரிய வேலை. கிராம நிர்வாக அலுவலராகப் போய் உட்கார்ந்த பிறகு அவர் ஒரு வட்டத்தைக்கூட நிரப்பப் போவதில்லை. அதனால்தான் அங்கே எழுதிக்கொடுப்பவரின் துணை தரப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இதற்கான முதல் தனிச் சட்டம் 1995இல் வந்தது. அதில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. இதில் 21 வகைகள் இருக்கின்றன. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளோடு ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, தசைச் சிதைவு, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியல் நீள்கிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாத பலரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டாலே, 'பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்ற பேச்சுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே, மாற்று ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடு என்று எழுதியிருக்கிறது. 3ஆம் பிரிவு பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்கிறது. 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது, மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு அரசு வேலையில் நான்கு சதவீத இடஒதுக்கீட்டைத் தருகிறது. இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற மருத்துவச் சான்று தேவை.

இந்த 40 என்ற எண்தான் பல காலம் பிரச்சினையாக இருந்தது. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் நிலை உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதிக்கொடுப்பவரின் துணையைக் கேட்டார். பார்வையற்றோருக்கும், கை கால் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ளவர்களில் 40 சதவீதம் தாண்டியவர்களுக்கும் மட்டுமே அது உண்டு என்று மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் மறுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு சொன்னதன் சுருக்கம்: 40 சதவீதம் என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு வைத்தது, மாற்று ஏற்பாடு அதைவிட விரிவான உரிமை, ஒருவருக்கு எழுதுவதில் உண்மையான சிரமம் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. 'இப்படித் திறந்துவிட்டால் தவறாகப் பயன்படுத்துவார்களே' என்ற வாதத்தையும் நீதிமன்றம் தள்ளியது. மாற்றுத்திறனாளிகள் குறுக்குவழியில்தான் முன்னேறுவார்கள் என்ற எண்ணம் அந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று அது கண்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கென 2022 ஆகஸ்ட்டில் தனி நெறிமுறைகள் வந்தன.

நீதிபதி நாற்காலி

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு வழக்கு, சட்டத்தில் ஒரு கருத்து இருந்தும் நீதிமன்றமே அதைக் காணாமல் கடந்துபோகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு 2014இல் தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 70 சதவீதச் சான்றிதழ் வைத்திருந்த வழக்கறிஞர் ஒருவர் இதனால் ஒதுக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. சாட்சியைக் கேட்டு, ஆவணங்களைப் படித்துத் தீர்ப்பு எழுதும் பதவிக்குப் போதிய பார்வை வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

2016 சட்டம் அதற்குள் நடைமுறைக்கு வந்திருந்தது. என்றாலும் அந்தத் தீர்ப்பில் மாற்று ஏற்பாடு என்ற பேச்சே இல்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் வைத்துக்கொள்ளலாமா, உதவியாளர் ஒருவர் ஆவணங்களைப் படித்துக் காட்டலாமா என்ற கேள்விகளுக்குள் அது போகவில்லை. மேலே சொன்ன 2021 தீர்ப்பு இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, 2016 சட்டம் வந்த பிறகு அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது.

பிறகு 2025 மார்ச் 3. மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதிகளில் பார்வையற்றோரை முழுக்க விலக்கிய ஒரு விதி இருந்தது. நீதிபதியாக விரும்பிய பார்வைக் குறைபாடுள்ள ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி நீதித்துறை வேலைக்கு ஒருவரைப் பரிசீலிக்காமல் விட முடியாது என்று சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர் நீதிபதி மகாதேவன் என்பது இங்கே ஒரு சுவையான தற்செயல். ஆறே ஆண்டில் அதே நாற்காலியைப் பற்றி அதே உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகப் பேசியது. நடுவில் மனிதக் கண்ணோ நீதிபதியின் வேலையோ மாறிவிடவில்லை. முதல் அமர்வு விண்ணப்பித்தவரின் உடலைப் பார்த்தது. அடுத்தது வேலைசெய்யும் முறையைப் பார்த்தது.

தனியார் வேலை என்றால்

இங்கே சட்டத்தின் வலு குறைகிறது, இதை மறைப்பதில் பயன் இல்லை. 20ஆம் பிரிவின் கடமை அரசு நிறுவனங்களுக்கு வெளிப்படையாக எழுதப்பட்டது. தனியாருக்கு 3ஆம் பிரிவின் பொதுத் தடையும், 21ஆம் பிரிவும்தான் கைப்பிடி. 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், என்ன வசதி தருவார்கள் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். ஆள் எடுப்பதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் இந்தக் கொள்கையைத் தேடிப் பாருங்கள். இருந்தால், அதிலுள்ள வாசகத்தையே எடுத்துக்காட்டிக் கேட்கலாம். இல்லாவிட்டால், அதுவே ஒரு விதிமீறல்.

சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒரு தொகையே அல்ல. தண்டனைக்குப் பயந்து மாறுபவர்களைவிட, கேட்டதும் 'ஓ, இவ்வளவுதானா?' என்று செய்துகொடுப்பவர்களே நடைமுறையில் அதிகம் கைகொடுப்பார்கள் என்பது என் கணிப்பு. அதனால் எதை, எப்படிக் கேட்பது என்பது முக்கியமாகிறது.

எதையெல்லாம் கேட்கலாம்

வேலை அறிவிப்பிலிருந்தே தொடங்கலாம். காகிதத்தை ஸ்கேன் செய்து படமாகப் போட்ட அறிவிப்பைத் திரைவாசிப்பான் மென்பொருளால் வாசிக்க முடியாது. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும். என்விடிஏ போன்ற மென்பொருளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். காதில் மாட்டிக் கேட்டால் ஒரு சொல்லும் புரியாது. 'யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அனுப்புங்கள்' என்று கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை. மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்ப அனுமதி கேட்பதும் அப்படித்தான், குறிப்பாக இணையப் படிவம் பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும்போது.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு முதல் தடை தொலைபேசி. விண்ணப்பத்தைப் பார்த்ததும் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். எடுத்துப் பேச முடியாது. இரண்டு முறை அழைத்துவிட்டு, 'விருப்பமில்லை போலிருக்கிறது' என்று பெயரை அடித்துவிடுவார்கள். விண்ணப்பத்தின் மேலேயே 'வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் வழியாகத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதிவிடுவது நல்லது. நேர்காணலுக்கு இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். காணொளி நேர்காணல் என்றால், பேசுவதை எழுத்தாகக் காட்டும் வசதியை இயக்கச் சொல்லலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள் என்றுகூடக் கேட்கலாம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் பேசுபவரின் முகம் இருண்டுபோகும்.

சக்கர நாற்காலியில் வருபவர், தரைத்தளத்தில் அறை கேட்கலாம். லிஃப்ட் இருக்கிறது என்று பதில் வந்தால் அதன் கதவின் அகலத்தையும், வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் படிகள் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. 'லிஃப்ட் இருக்கிறது' என்று சொல்கிறவருக்கு அந்த நான்கு படிகள் கண்ணில் பட்டே இருக்காது. கழிப்பறையைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி மாலை நான்கு மணிக்கு அழைக்கும் நேர்காணல்கள் நம் ஊரில் சர்வசாதாரணம்.

ஆட்டிசம் உள்ளவருக்கு 'உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்ற கேள்வி எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாத கேள்வி. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதைத் தன்னம்பிக்கைக் குறைவாகக் கணக்கிட வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்குக் காலை நேரத்தில் மந்தமாக இருக்குமானால், பிற்பகலில் நேரம் கேட்கலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கேட்கக்கூடாதவையும் உண்டு. வேலைக்கு அடிப்படையான திறனையே விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. தட்டச்சர் வேலைக்கு வந்து தட்டச்சுத் தேர்வே வேண்டாம் என்று சொல்வது மாற்று ஏற்பாடு ஆகாது; தனக்குப் பழகிய விசைப்பலகையில் அந்தத் தேர்வை எழுத அனுமதி கேட்பது ஆகும். நிறுவனத்தின் மீது விழும் சுமையும் கணக்கில் வரும். ஐந்து பேர் வேலைசெய்யும் கடை, மாடிக்கு லிஃப்ட் கட்ட முடியாது. நேர்காணலைக் கீழ்த்தளத்திலோ பக்கத்திலுள்ள வேறு இடத்திலோ வைக்க முடியும். ஆயிரம் பேர் வேலைசெய்யும் நிறுவனம் அதே சாக்கைச் சொன்னால் எடுபடாது.

எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது

குறைபாட்டை முதலிலேயே சொல்வதா, தேர்வான பிறகு சொல்வதா என்பது வேலை தேடுபவர்களை மிகவும் வாட்டும் கேள்வி. முதலில் சொன்னால் கழித்துக்கட்டிவிடுவார்களோ என்று பயம். பிறகு சொன்னால் மறைத்ததாகப் பேசுவார்களோ என்று பயம். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வேலை தருவதாக உறுதிசொல்வதற்கு முன் உடல்நலத்தைப் பற்றி நிறுவனம் பொதுவாக விசாரிக்கவே கூடாது என்று வைத்திருக்கிறது. நேர்காணலுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா என்று கேட்பதுபோன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இந்தியச் சட்டத்தில் இத்தகைய வெளிப்படையான தடை இல்லை. இருந்திருக்க வேண்டும்.

தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஏதாவது ஏற்பாடு தேவை என்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அரசுத் தேர்வில் விண்ணப்பப் படிவத்திலேயே குறிக்க வேண்டும். பிறகு சேர்க்கப் பொதுவாக விடமாட்டார்கள். எந்த ஏற்பாடும் தேவையில்லாத நிலையில் தானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா என்பது அவரவர் முடிவு. சொல்லும்போது, நோயின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. எது தேவை என்பதைச் சொன்னால் போதும். கீழே உள்ளது போன்ற ஒரு கடிதம் அதற்குப் போதுமானது:

"ஐயா / அம்மையீர், கணக்காளர் பணிக்கான எழுத்துத் தேர்வுக்கு அழைத்தமைக்கு நன்றி. எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. கணினியில் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு வேலை செய்கிறேன். இந்தத் தேர்வுக்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை. வினாத்தாளைப் படமாக அல்லாமல் வேர்டு கோப்பாகத் தர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மென்பொருள் உள்ள மடிக்கணினியை நானே கொண்டுவர இயலும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி இந்த ஏற்பாடுகளைக் கோருகிறேன். தேர்வுக்கு மூன்று நாட்கள் முன்பாகத் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. 'தயவுகூர்ந்து கருணை காட்டி' என்று தொடங்கும் விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் படிப்பவர் அதைக் கருணையாகவே எடுத்துக்கொண்டு, மனம் இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் விடுவார். மேலே உள்ள கடிதத்தில் தேவை குறிப்பாக இருக்கிறது. மடிக்கணினியை நானே கொண்டுவருகிறேன் என்ற வரி, நிறுவனத்தின் தலைவலியைப் பாதியாகக் குறைக்கிறது. சட்டத்தின் பெயர் ஒரே ஒரு முறை, அடக்கமாக வருகிறது. பதிலுக்கு நாள் குறித்திருப்பதால், பதில் வராமல் போனாலும் அது ஆவணமாகிறது. தொலைபேசியில் கேட்டிருந்தால், பிற்பாடு 'அப்படி யாரும் கேட்கவில்லையே' என்று சொல்லிவிடலாம்.

மறுத்துவிட்டால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் இந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். ஏனென்றால் எழுதிக்கொடுக்கும்படியான காரணம் அவர்களிடம் இருக்காது. அரசு நிறுவனம் என்றால், 23ஆம் பிரிவின்படி அங்கே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம்.

அடுத்தது ஆணையர். மத்திய அரசு சார்ந்த தேர்வு, வங்கி, ரயில்வே என்றால் டெல்லியிலுள்ள முதன்மை ஆணையர். மாநில அரசு சார்ந்தது என்றால் சென்னையிலுள்ள மாநில ஆணையர். சம்மன் அனுப்பி வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இவர்களுக்கு உண்டு. ஆனால் விசாரணை முடிவில் இவர்கள் தருவது பரிந்துரை. அதைப் பெற்ற அமைப்பு மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தது என்று தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால், அதே மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்குச் சொல்வதோடு, புகார் கொடுத்தவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

அரசு அமைப்பு அப்போதும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி பெறத் தகுதி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். போகும்போது அடையாள அட்டை, வேலை அறிவிப்பு, அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், தேர்வு நுழைவுச்சீட்டு ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள்.